அன்று உன் கையைப் பிடித்ததற்காக

அக்கா,

இன்று ஏப்ரல் 30. யுனெஸ்கோ 2011-இல் அறிவித்து, 2012 முதல் கொண்டாடப்படும் சர்வதேச ஜாஸ் தினம். நமக்கு இந்தத் தேதி வேறு கணக்கு. நாம் சேர்ந்து இலவச ஜாஸ் கச்சேரிக்குப் போன கடைசி மாலையும் இதே நாள்தான். அதற்கப்புறம் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும். நம் வீட்டு ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சில இடங்களைத் தாண்டித்தான் போவேன், நீயே நிரப்பிக்கொள்.

ஐந்து தட்டுத் தாளத்தில் வரும் அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் எழுதி, பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு 1959-இல் பதிவு செய்தது. அன்று மேடையில் நாலே பேர். பியானோக்காரர் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, நீ என் முழங்காலில் விரலால் தட்டிக் காட்டினாய். தகிட தக, தகிட தக. "மூணும் ரெண்டும்டா, அவ்வளவுதான்" என்றாய். அதுவரை கைக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டிருந்த தாளம் சட்டென்று எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

சாக்ஸபோன்காரர் வாசிக்கத் தொடங்குமுன் நாணல் பட்டையை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் பித்தளையாக இருந்தும் அந்த வாத்தியத்தை மரக்குழல் வகையில் சேர்த்திருப்பது அந்தச் சின்னப் பட்டையால்தான். "நகம் மாதிரி மெல்லிசா இருக்கு, அதுவாடா இவ்வளவு பேசுது?" என்று என் காதருகே கேட்டாய். அவர் மெட்டை ஒருமுறை அப்படியே வாசித்துவிட்டு, பிறகு அதை விட்டுத் தன் போக்கில் கிளம்பினார். எங்கெங்கோ சுற்றினார். ஒரு இடத்தில் தொலைந்தே போய்விட்டார் என்று நினைத்தேன். நீ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தகிட தக போட்டுக்கொண்டே இருந்தாய். அவர் திரும்பி வந்து இறங்கிய இடம் உன் விரல் விழுந்த அதே இடம்.

அவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்ததும் நீ கை தட்டினாய். நீ ஒருத்தி மட்டும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து மடியில் அழுத்தினேன். "இன்னும் முடியலக்கா."

அடுத்த நொடி எல்லோரும் தட்டினார்கள். ஜாஸில் அதுதான் வழக்கம். ஒவ்வொருவரும் தன் தனி வாசிப்பை முடித்ததும், பாட்டு நிற்கும்வரை காத்திருக்காமல் கேட்டவர்கள் தட்டிவிடுவார்கள். சரியான இடத்தில் முதலில் தட்டியவள் நீ. அத்தனை பேரும் தட்டும்போது உன் கைகள் என் கைக்கு அடியில் இருந்தன. நான் விடவில்லை. விட்டால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் டிரம்ஸ்காரர் கம்பி பிரஷ்ஷை எடுத்து, தோலின் மேல் அரிசி புடைப்பது போல ஒரு சத்தம் எழுப்பினார். உனக்கு உயிரான சத்தம். அது முடிந்தபோதும் நீ தட்டவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். உன் கைகள் மடியிலேயே இருந்தன, நான் எடுத்து வெகுநேரம் ஆகியும்.

மன்னித்துவிடு அக்கா. இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆனதற்கும் சேர்த்து.

நம்மை எப்படி வளர்த்தார்கள் என்பது உனக்குத் தெரியாததில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் இருமினால்கூட ஒரு முறைப்பு வரும். உனக்கு அந்தப் பயம் ஒட்டவில்லை, எனக்கு ஒட்டிக்கொண்டது. அது என் குற்றம் மட்டுமா? நீயும் கையை உருவியிருக்கலாமே. "விடுடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ சொல்லவில்லை. அடுத்த வாரம் உடம்பு அசதி என்றாய், அதற்கடுத்த வாரம் வேலை என்றாய். கடைசியில் என்னிடம் சொல்லாததைப் போய் வேறொருவரிடம் சொன்னாய், "என்னோடு வெளியே வர அவனுக்கு வெட்கம்" என்று. அது சுற்றி வளைந்து என் காதுக்கு வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பொய் என்று இங்கே எழுதிவிடலாம். முழுப் பொய் இல்லை என்பதால் எழுத முடியவில்லை.

கொடியிலிருந்து எடுத்த துணியை மடிப்பதற்கு முன் முகத்தில் வைத்து அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னவள் நீ. இன்னும் செய்கிறேன். பேருந்தில் ஏறாமல், கேட்ட பாட்டை முணுமுணுத்தபடி நடந்தே வீடு திரும்பும் பழக்கமும் உன்னுடையதுதான். கேலி செய்துகொண்டே பின்னால் வருவேன், மறுநாள் காலையில் என் வாயில் அதே பாட்டு இருக்கும்.

இலவசம் என்பதாலேயே அந்த மாலைகளை நான் கொஞ்சம் மட்டமாக நினைத்திருந்தேன். இப்போது அப்படி இல்லை. காசு கொடுத்து உட்கார்ந்தால் கொடுத்த காசுக்கு ரசித்தே தீர வேண்டும் என்று மனசு கணக்குப் போடும். இங்கே பாதியில் எழுந்து போகலாம், புரியாவிட்டாலும் நஷ்டமில்லை, குழந்தை மேடைக்கு முன்னால் குதித்தால் டிரம்ஸ்காரரே சிரிப்பார். வாசித்தவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது என்று நீ கிளம்பும்போதெல்லாம் உண்டியலில் மடித்துப் போடுவாயே, அதையும் விடாமல் செய்கிறேன்.

ஆமாம், நாலு மாதமாகத் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் பாஸ் என்ற அந்தக் கனத்த குரல் தந்தி வாத்தியக்காரர் தனியாக வாசித்து முடித்தபோது, மற்றவர்களுக்கு முன்னால் நான் தட்டினேன். இடம் சரியாகத்தான் இருந்தது. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இன்று அந்தப் பழைய குழு வருகிறது. இடப்பக்கம், மூன்றாவது வரிசை, அதே ஓரம். என் குடையை வைத்து ஒரு நாற்காலி பிடித்து வைக்கிறேன். ஏழு மணி என்று போட்டிருக்கிறார்கள், எப்படியும் ஏழரை ஆகும். மெதுவாகவே வா.

உன் தம்பி