பல்சபை வழிபாட்டு வட்டம்: 2025-ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, குருவானவர்களே, போதகர்களே, வட்டத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை வட்டம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிய உறுப்பினர்கள் சேர்ந்திருக்கிறார்கள், சிலர் வேறு ஊர்களுக்கு மாறிப் போயிருக்கிறார்கள். கூட்டங்கள் தடையின்றி நடந்தன. இவற்றில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆண்டின் தொடக்கம் வழக்கம்போல் கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம். 1908-இல் தொடங்கிய இந்த வாரம் உலகின் பெரும்பாலான இடங்களில் ஜனவரி 18 முதல் 25 வரை அனுசரிக்கப்படுகிறது. சென்ற ஆண்டின் மையப்பொருள் யோவான் 11:26, 'இதை நீ நம்புகிறாயா?' என்ற கேள்வி. பொது ஜெபம் நன்றாகவே போனது, கர்த்தருடைய ஜெபம் வரும் வரை. 'தீமையிலிருந்து' என்ற வரி முடிந்ததும் கத்தோலிக்க உறுப்பினர்கள் 'ஆமென்' சொல்லி நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்று தொடர்ந்து போனார்கள். முன்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த கூட்டம் முழுவதையும் இந்த ஒரு வரியே எடுத்துக்கொண்டது. மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அந்த முடிவுரை இல்லை. ஆனால் 'திதாக்கே' என்னும் ஆதித் திருச்சபை நூலில் அதை ஒத்த வரி இருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியிலும் அது விடுபடவில்லை. ஜெபத்துக்குப் பின் குருவானவர் ஒரு மன்றாட்டைச் சொல்ல, அதற்கு மறுமொழியாக மக்கள் அதைச் சொல்கிறார்கள். இந்த விளக்கத்துக்குப் பிறகு, 'விட்டுவிட்டார்கள்', 'சேர்த்துவிட்டார்கள்' என்று இரு பக்கமும் சொல்லிவந்த குறை நின்றது.

ஏப்ரல் 20 நம் வட்டத்துக்குப் பெரிய நாள். ஆயர்களின் பொதுக்கூட்டமான நீசேயா சங்கம் கூடி 1700 ஆண்டுகள் நிறைந்த அதே ஆண்டில் கிழக்குச் சபைகளும் (ஆர்த்தடாக்ஸ்) மேற்குச் சபைகளும் (கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட்) ஒரே ஞாயிறன்று உயிர்த்தெழுதலைக் கொண்டாடின. 325-இல் கூடிய அந்தச் சங்கம் எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று தீர்மானித்தது. 1582-இல் கிரகோரியன் நாட்காட்டி வந்த பின் ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் பழைய ஜூலியன் கணக்கையே பின்பற்ற, நாள் பிரிந்தது. இப்போது இரண்டு நாட்காட்டிகளுக்கும் பதின்மூன்று நாள் வித்தியாசம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து மட்டும் அப்போதும் ஒன்றாகத் தொடங்கவில்லை. கிழக்கில் மார்ச் 3 திங்களன்று, சாம்பல் பூசும் சடங்கு இல்லாமல் நோன்பு தொடங்கியது. மேற்கில் மார்ச் 5 சாம்பல் புதன். முடிவு ஒன்று, தொடக்கம் இரண்டு! இப்படி ஒரே நாளில் அமைவது இனி 2028 ஏப்ரல் 16-இல்தான்.

ஞானஸ்நானம் பற்றிய கூட்டம் சூடாக இருந்தது, மறைப்பானேன். 1982-இல் லீமாவில் உலகச் சபைகள் மன்றத்தின் விசுவாசமும் ஒழுங்கும் ஆணையம் ஏற்ற அறிக்கை, ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடாத ஒன்று என்கிறது. இதை வாசித்ததும் பாப்டிஸ்ட் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். 'நாங்கள் இரண்டாம் முறை கொடுப்பதில்லை. குழந்தைக்குச் செய்ததை நாங்கள் ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை, முதல் முறைதான் கொடுக்கிறோம்' என்றார். வாதம் சரியோ தவறோ, அந்தப் பக்கத்தின் நியாயத்தை அவர் வாயாலேயே கேட்டது நல்லது. ஆர்த்தடாக்ஸ் உறுப்பினரோ குழந்தையை மூன்று முறை முழுக்கி, அப்போதே தைலம் பூசி, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தான நற்கருணையும் கொடுத்துவிடும் தங்கள் முறையைச் சொன்னார். முழுக்குத்தான் சரி என்பவர்களும் குழந்தைக்குத்தான் சரி என்பவர்களும் ஒரே நேரத்தில் தலையாட்டியதை அன்றுதான் பார்த்தேன். இரட்சணிய சேனையார் 1883 முதல் ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் நடத்துவதில்லை என்பது பலருக்குப் புதுச் செய்தி.

இசைக் கூட்டத்தில் பாட்டுத்தான் அதிகம், பேச்சு குறைவு. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பொதுவாக இசைக்கருவி கிடையாது, மனிதக் குரல் மட்டுமே. சீர்திருத்தவாதி கால்வினின் ஜெனீவாவிலும் சங்கீதங்களைக் கருவியில்லாமல்தான் பாடினார்கள். எதிர் முனைகளில் நிற்பவர்கள் என்று நாம் நினைத்த இருவரும் இந்த ஒரு விஷயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். குவேக்கர் முறையில் அமைதி வழிபாடும் ஒருமுறை நடத்தினோம். பெந்தெகோஸ்தே சகோதரர் ஒருவர் உதட்டோடு உதடாக 'அல்லேலூயா' சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளத்தில் ஆவியின் அசைவு வந்தால் பேசலாம் என்பதுதானே குவேக்கர்கள் முறை என்று யாரும் தடுக்கவில்லை.

இனி, இந்த ஆண்டின் வருத்தமான பகுதி. அக்டோபர் பொது ஆராதனையில் திருவிருந்தைச் சேர்ப்பதா என்ற கேள்வியில் நிர்வாகக் குழு இரண்டுபட்டது. மெதடிஸ்ட் சபையினர் தங்கள் பந்தி எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்றார்கள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் உறுப்பினர்களுக்கு விசுவாச ஒன்றிப்பு இல்லாமல் பந்தியில் ஒன்றிப்பு இல்லை. வேறொரு சபையார் பரிந்துரைக் கடிதம் இல்லாத எவருக்கும் அப்பம் பிட்டுக் கொடுப்பதில்லை. புளித்த அப்பமா புளியாததா, ஒரே பாத்திரமா சிறு கிண்ணங்களா, புளித்த திராட்சரசமா புளிக்காத திராட்சைச் சாறா என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்கில் சீர்திருத்தவாதிகளான லூத்தரும் ஸ்விங்ளியும் பதினான்கு கருத்துகளில் ஒத்துப்போய்ப் பதினைந்தாவதில் முறிந்ததும் இந்தப் பந்தியில்தான். லூத்தர் 'இது என் சரீரம்' என்று மேசையில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு வாதாடினார். கடைசியில் நாம் திருவிருந்தை எடுத்துவிட்டோம். சிலுவை அடையாளத்தை எடுத்தோம், ஆவியின் ஏவுதலால் பேசும் அந்நியபாஷையை எடுத்தோம், தூபத்தை எடுத்தோம், விசுவாசப் பிரமாணத்தையும் ஒரு வரிக்காக எடுத்தோம். மிஞ்சியது இரண்டு பாட்டும் ஒரு பிரசங்கமும். அதற்கும் ஒரு சபையார் வரவில்லை.

என் கருத்தைப் பதிவு செய்கிறேன். எவருக்கும் உறுத்தாதபடி எல்லாவற்றையும் உருவி எடுத்த ஆராதனையில் எவரும் ஜெபிக்கவில்லை, எல்லோரும் கவனமாக இருந்தார்கள். தென்னிந்தியத் திருச்சபையை எடுத்துக்காட்டாகச் சிலர் சொன்னார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1947 செப்டம்பர் 27-இல் ஒன்றானதும், 1950-இல் அவர்கள் எழுதிய திருவிருந்து ஒழுங்கும், சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து அதில் எடுத்துக்கொண்ட கையோடு கை சமாதானம் பரிமாறும் முறை பின்னர் வேறு சபைகளுக்கும் பரவியதும் மறுக்க முடியாதவை. ஆனால் அவர்கள் முதலில் ஒரே சபையானார்கள், பிறகுதான் ஒழுங்கை எழுதினார்கள். நாம் ஒரே சபையாகாமலேயே ஒழுங்கை மட்டும் எழுதப் பார்க்கிறோம்.

ஆகவே நிர்வாகக் குழு பெரும்பான்மையாக முன்மொழிவது: இனி பொது ஆராதனை வேண்டாம். ஒவ்வொரு காலாண்டிலும் ஒரு சபை தன் வழிபாட்டை, எதையும் குறைக்காமல், தன் வழக்கப்படியே நடத்தட்டும். மற்றவர்கள் விருந்தினராகப் போவோம். அப்பம் பெறலாமா, நெற்றியில் எண்ணெய் இடுவார்களா, பெண்கள் முக்காடிட வேண்டுமா என்பதை விருந்தளிக்கும் சபை முன்கூட்டியே ஒரு தாளில் தந்துவிட வேண்டும். பெற முடியாத இடத்தில் பெறாமல் உட்கார்ந்திருப்பது மனவருத்தம்தான், தெரியும். அந்த வருத்தத்தை மறைக்க வேண்டாம் என்பதே குழுவின் எண்ணம். ஜனவரி ஜெப வாரம் இப்போதிருப்பதுபோலவே நடக்கும்.

நூலகப் பொறுப்பாளர் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறார். பத்துக் கட்டளைகள் பற்றிய படிப்பில் எண்ணைச் சொல்லாமல் கட்டளையையே சொல்லுங்கள். கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும் ஏழாவது 'களவு செய்யாதே', மற்றவர்கள் பலருக்கும் 'விபசாரம் செய்யாதே'. புத்தகத்தைத் திருப்பித் தராத ஒருவரிடம் 'ஏழாம் கட்டளையை மீறிவிட்டீர்கள்' என்று அவர் விளையாட்டாகச் சொன்னது வீண் மனத்தாங்கலில் முடிந்தது.

முன்மொழிவு நிறைவேறினால் முதல் வருகை ஆர்த்தடாக்ஸ் சபைக்கு. 2026-இல் மேற்குச் சபைகளுக்கு ஈஸ்டர் ஏப்ரல் 5, அவர்களுக்கு ஏப்ரல் 12 என்பதால் நம்மில் எவருக்கும் சொந்த ஆராதனை தவறாது. வழிபாடு 11-ஆம் தேதி சனி நள்ளிரவை ஒட்டித் தொடங்கும், நீண்ட நேரம் நடக்கும். பெரும்பகுதி நின்றுகொண்டேதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சுவரோரம் நாற்காலி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வர விரும்புவோர் மார்ச் மாதக் கூட்டத்துக்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்