சுகர் வந்த பூனைக்குப் பட்டினியும் வேண்டாம், சோறும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுத்தைக்குப் பயந்து குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பொழுது சாய்ந்ததுமே பூனைகளை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறோம். அடுப்படி ஓரம் சுருண்டு கிடக்கும் பூனைக்கு ஓட்டமில்லை. நாம் டீயில் வர்க்கியைத் தொட்டுத் தின்னும்போது அதற்கும் ஒரு துண்டு, மதியம் தயிர்சாதம், ராத்திரி கடையில் வாங்கிய உலர் தீவனம். நடுவயது கடந்து பருத்த பூனைக்கு, அதிலும் காயடித்த கடுவனுக்கு, சர்க்கரை நோய் வர இந்த வாழ்க்கை தோதானது.

நோயை முதலில் காட்டிக்கொடுப்பது பசிதான். தட்டை நக்கி முடித்துப் பத்து நிமிடத்தில் மறுபடி வந்து கத்தும். ஆனால் முதுகெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், சிறுநீர் அதிகமாகப் போகும். சில பூனைகள் பின்னங்கால் குதிகால் தரையில் பட நடக்கும். கத்தலைப் பொறுக்காமல் சோற்றை அள்ளிப் போடுகிறவர்கள் ஒரு பக்கம். சுகர் என்றதும் மனிதருக்குப் போல வாயைக் கட்டுகிறவர்கள் மறுபக்கம். இரண்டுமே கெடுதல். ரத்தத்தில் சர்க்கரை நிரம்பிக் கிடந்தாலும் இன்சுலின் இல்லாமல் அது உடம்பில் சேராது. அதனால்தான் பூனை தின்றும் பட்டினி கிடக்கிறது. அதைப் பேராசை என்று திட்டிப் பயனில்லை. இன்சுலின் ஊசி பிடிபட்ட சில வாரங்களில் பசி தானே அடங்கும். அதுவரை எதைப் போடுகிறோம், எப்போது போடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

4 கிலோ இருக்க வேண்டிய பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி போதும். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 165 கலோரி இருக்கிறது, மாவுச்சத்து இல்லவே இல்லை. அதே 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. கடைத் தீவனம் வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஐந்தையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் மிச்சம் மாவுச்சத்து. சாம்பல் போடாவிட்டால் உலர் தீவனத்துக்கு 8 என்று வைத்துக்கொள்ளலாம். புரதம் 32, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மாவு மட்டும் 36! ஈரத் தீவனப் பாக்கெட்டில் இதே கணக்கைப் போட்டால் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் நிற்கும். அதிலும் குழம்பு மாதிரி இருப்பதைவிட அரைத்த கூழாக இருப்பது நல்லது, குழம்பைக் கெட்டியாக்க மாவு சேர்ப்பதுண்டு.

வெறும் கோழிக்கறியிலேயே மாதக்கணக்கில் ஓட்டிவிடவும் கூடாது. அதில் சுண்ணாம்புச்சத்து போதாது. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்கு இதயமும் கண்ணும் கெடும். வேகவைத்த தண்ணீரிலேயே டாரின் இறங்கிவிடுவதால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் கறியோடு ஊற்றுங்கள், வயிறும் கொஞ்சம் நிரம்பும். வீட்டுச் சமையல்தான் என்றால் டாரின், கால்சியம் அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வெங்காயம், பூண்டு பட்ட குழம்புக்கறி பூனையின் ரத்த அணுவையே உடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். தாத்தாவின் சுகர் மாத்திரையும் பாகற்காய்ச் சாறும் தாத்தாவோடு இருக்கட்டும்.

உணவை மாற்றும்போது ஓர் ஆபத்து உண்டு. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். மருத்துவருக்குச் சொல்லாமல் உணவை மட்டும் மாற்றிப் பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். பருத்த பூனை என்றாலும் வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் குறைந்தால் போதும். அவசரப்பட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஊசி 12 மணி நேரத்துக்கு ஒன்று. காலை 6, மாலை 6 என்று வைத்துக்கொண்டால் அந்த இரண்டு வேளைக்கும் பெரிய பங்கு, மதியமும் ராத்திரி 11 மணிக்கும் சின்னப் பங்கு. முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு சாப்பாடு, அது தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஊசி. பாதிகூடத் தின்னவில்லையென்றால் முழு அளவு போடாதீர்கள். மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். எந்நேரமும் பசித்த பூனை திடீரென்று தட்டைத் திரும்பிப் பார்க்காவிட்டால் அது நல்ல செய்தியல்ல. வாந்தியும் சேர்ந்தால் அன்றைக்கே கொண்டு போக வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு எழுப்பும் பூனைக்குச் சமவெளிக்காரர்கள் ஈரத் தீவனத்தை உறைய வைத்துத் தட்டில் விட்டுவிட்டுத் தூங்குவார்கள். தை மாதத்து ஊட்டியில் அது விடிந்தும் பாதிக் கட்டியாகவே கிடக்கும். நேரம் வைத்தால் திறக்கும் தட்டு இங்கே சரிப்படும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை வெந்நீர்க் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்தால்தான் வாசம் எழும்பும்.

ரத்தம் எடுப்பது காது விளிம்பில். குளிரில் அங்கே சொட்டு வராது; வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நிமிடம் ஒற்றிக் காதைத் துடைத்து உலர்த்திவிட்டுக் குத்துங்கள். குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் ஜன்னலோரம் ஜில்லிட்டுக் கிடந்தால் பிழை காட்டும். மனிதருக்கான மீட்டர் பூனையிடம் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். 60-க்குக் கீழே போய்ப் பூனை தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ ஒரு சிறு கரண்டித் தேனை ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றினால் புரையேறிவிடும். தெளிந்ததும் உணவு வைத்து, உடனே மருத்துவரிடம் போங்கள்.

எஸ்டேட் லைன் வீடுகளில் இன்னொரு தலைவலி. ஒரு பூனைக்கு ஐந்து வீட்டில் சாப்பாடு. யாரோ பாசத்தில் வைத்த பால்சோற்றில் ஒரு மாதத்துக் கணக்கே குலையும். கழுத்துப் பட்டையில் 'சுகர் பூனை, சாப்பாடு போடாதீங்க' என்று ஒரு சீட்டைக் கட்டிவிட்டால் பெரும்பாலும் வேலை செய்கிறது.

மலையிலுள்ள மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்சுலின் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வகை இருக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பூனைக்கு அதிகம் எழுதப்படும் கிளார்ஜின் என்ற இன்சுலின் 100 வகை. அதைச் சிவப்பு மூடியில் ஒரு கோடு இழுத்தால் 1 யூனிட் போக வேண்டிய இடத்தில் 2.5 போகும். மனிதர் தாங்கலாம், 4 கிலோ உடம்பு தாங்காது. 'எந்த சிரிஞ்சானா என்ன சார்' என்று கையில் கிடைத்ததைக் கொடுக்காமல், குப்பியைப் பார்த்துக் கொடுங்கள். அரசு கால்நடை மருந்தகங்களில் ஒரு குளுக்கோமீட்டரும் சில ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளும் இருப்பில் வைத்தால், மழையில் மேட்டுப்பாளையம் சாலை மண் சரிந்து அடைபடும் நாட்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
வாசகர்,
கோத்தகிரி