பின்சந்தில் ஒளிக்கோலம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்களும் சந்தா வசூலும் குறைவின்றி நடந்தேறின. கணக்கைப் பொருளாளர் முன்வைப்பார். இவ்வாண்டு நம் உழைப்பின் பெரும்பங்கு பினாங்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா கடைவரிசைக்குப் பின்னுள்ள சந்துக்கே சென்றதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியதே.

மோட்டார் சைக்கிள்கள் அடைத்துக்கொண்டு இருண்டு கிடந்த அச்சந்தைப் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடும் இடமாக்க முடிவெடுத்தோம். ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக இருப்பதால், பழைய கடைவீட்டுச் சுவர்களில் நினைத்தபடி துளையிட இயலாது. ஆகவே சுவரைத் தொடாத ஒளியை நாடினோம். பார்ப்பவரும் பங்கேற்கும் கலைக்கு இரு முன்மாதிரிகள் இருந்தன. நம் நகரின் லெபு ஆர்மீனியன் தெருவில் ஓவியர் எர்னெஸ்ட் ஸக்காரெவிச் 2012இல் வரைந்த சுவரோவியத்தில் உண்மையான சைக்கிள் ஒன்று பொருத்தப்பட்டிருப்பதால்தான், வருவோர் அதைப் பிடித்து நின்று ஓவியத்திற்குள் தாங்களும் சேர்ந்துகொள்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2014இல் தெருவிளக்குகளில் அகச்சிவப்புக் கேமராவைப் பொருத்தி, ஒருவர் விட்டுச்சென்ற நிழலை அடுத்து வருபவரின் காலடியில் விழச் செய்தார்கள். நிழலில் முகம் தெரியாது. நம் கருவியும் எவருடைய படத்தையும் சேமிக்கக் கூடாது எனச் செயலவை உறுதியாக இருந்தது.

தீபாவளிக்கு முந்திய வாரம் புரொஜெக்டர் வழியே சிமெண்டுத் தரையில் கோலப்புள்ளிகளை விழவைத்தோம். ஒரு புள்ளியை மிதித்தால் உணரி அதையறிந்து அடுத்த புள்ளிக்குக் கோடு இழுக்கும். எதிரெதிரே இருவர் நின்றால்தான் சுழி மூடும். முதலிரவு, பூக்கடை அம்மா ஒருவர், கோலத்தைச் செருப்புக் காலால் மிதிக்கலாகாது என்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டே இறங்கினார். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். "இது ஊடுபுள்ளி, நேர்ப்புள்ளிக் கோலமும் வேண்டும்" என்று அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் இரவு மழைநீர் உணரிப் பெட்டிக்குள் இறங்கி எல்லாம் நின்றுவிட்டது. தீபாவளிக் காலத்தில் பினாங்கில் மழை பெய்யும் என்று அறிந்திருந்தும் பெட்டிக்கு மூடி அமைக்கத் தவறினோம். பழுதுபார்க்கப் பணமும் ஒதுக்கவில்லை. இருட்டுத் தரையைப் பார்த்து, "புள்ளி எங்கே?" என்று பிள்ளைகள் கேட்டது இன்னும் என்னை வருத்துகிறது.

கருவிக்குச் செலவிடுவதற்கு முன் அதன் பராமரிப்புக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கும் முன்னதாக இரண்டு பெஞ்சுகள் தேவை. ஒளிக்கோலம் இயங்கிய இரண்டு இரவும் பெரியவர்கள் நின்றபடியே பார்த்தார்கள். பராமரிப்பு நிதிக்கும் பெஞ்சுகளுக்கும் இக்கூட்டம் ஒப்புதல் அளிக்குமாறு வேண்டுகிறேன். நேர்ப்புள்ளிக் கோலத்தை மென்பொருளில் சேர்க்கும் பணியை இளைஞர் பிரிவு ஏற்றுள்ளது.

பணிவன்புடன்,
செயலாளர்