அப்பாவின் டைப்ரைட்டர்

செம்பூர், மும்பை

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முழங்கால் வலிக்கு எண்ணெய் மட்டும் போதாது, மருத்துவரைப் பார்.

இங்கே எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அடுத்த மாதம் வாடகை வீட்டுக்குக் குடிபோக வேண்டும். பரணைக் காலி செய்தபோது அப்பாவின் டைப்ரைட்டர் இறங்கியது. பழைய சாமான்காரர் தூக்கிப் பார்த்து, இரும்பு விலை சொன்னார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதே கோத்ரெஜ் இயந்திரம்தான். மூடியைத் திறந்ததும் எண்ணெயும் மையும் கலந்த அந்த வாசனை வந்தது. பாதி கறுப்பும் பாதி சிவப்புமான ரிப்பன் காய்ந்து உதிர்கிறது. இடது கைப்பக்கம் சில விசைகளில் எழுத்தே தேய்ந்துவிட்டது. வரி முடிவில் அடிக்கும் மணி மட்டும் கணீரென்று ஒலிக்கிறது.

நாட்டுக்கு இது பெருமைக்குரிய பொருள். முதல் பொதுத்தேர்தலுக்காக 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குப்பெட்டிகளைச் செய்து கொடுத்தது இந்த நிறுவனத்தின் விக்ரோலி தொழிற்சாலை. 1955இல், ஆவடியில் காங்கிரஸ் கூடிச் சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட அதே ஆண்டில், உள்நாட்டிலேயே தயாரித்த டைப்ரைட்டரையும் கொண்டுவந்தார்கள். அதுவரை ரெமிங்டன் போன்ற அந்நிய இயந்திரங்கள்தான்.

ஆனால் மாதுங்காவில் நம் வீடுகள் இதை அறிந்த விதம் வேறு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையரும் பிட்மன் சுருக்கெழுத்தும் தேறி, தகரப் பெட்டியோடு தாதரில் வந்து இறங்கியவர்கள் எத்தனை பேர்! நிலமோ சிபாரிசோ இல்லாத பிள்ளைகளுக்கு நிமிடத்துக்கு 45 சொற்கள் என்ற வேகம்தான் சொத்து. என் அத்தைகளின் கல்யாணச் செலவு முழுவதும் அப்பாவின் விரல்களிலிருந்துதான் மணியார்டராக ஊருக்குப் போனது.

பிறகு 1966 வந்தது. குமாஸ்தா வேலையெல்லாம் தெற்கத்தியர்களுக்கே போகிறது என்ற கோபம் தெருவில் இறங்கியபோது நாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ரயிலில் தமிழ் பேசாதீர்கள் என்று உன் அம்மா நம் இருவரையும் எச்சரித்து அனுப்பியது நினைவிருக்கிறதா? வேலை கிடைக்காத மராத்தி இளைஞனின் ஆதங்கத்தை இன்று என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அன்று பயம் மட்டுமே தெரிந்தது. நமக்குச் சோறு போட்ட இயந்திரமே நம்மை அந்நியராகவும் காட்டிக்கொடுத்தது. இதை ஓர் அருங்காட்சியகத்தில் வைத்தால், சுதேசித் தயாரிப்பு என்று அட்டை எழுதி மாட்டுவார்கள். அது உண்மைதான். மற்றதை நம்மைப் போன்றவர்கள்தான் எழுதி வைக்க வேண்டும். நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். உனக்கு நினைவிருப்பதையும் எழுதி அனுப்பு.

கும்பகோணத்து வீட்டை ஒழிப்பதாகச் சொன்னாயே, உன் சித்தப்பாவின் ரேடியோ கெட்டுப்போயிருந்தால் போகட்டும், அதன் லைசென்ஸ் புத்தகத்தை மட்டும் எறிந்துவிடாதே. வீட்டில் பாட்டுக் கேட்க ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டினோம் என்றால் உன் பேத்தி எப்படி நம்புவாள்?

ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் இன்னும் டைப்ரைட்டிங் பயிற்சி நிலையங்கள் நடக்கின்றன அல்லவா? ரிப்பன் எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரித்து, இரண்டு வாங்கி அனுப்பு. புது வீட்டு முகவரியை வாரக் கடைசிக்குள் எழுதுகிறேன்.

அன்புடன்,
சீனு