காய்ந்த கல்லை நம்பிவிடாதே

அன்பு மகளுக்கு,

நீங்கள் பராமரிக்கும் பழைய கல்சுவரை நீ எடுத்து அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புற ஊதா டார்ச் அடித்தும் அந்தக் கறுப்புப் படலம் சிவக்கவே இல்லை, அதனால் அது வெறும் புகைக்கரிதான், சுத்தம் செய்துவிடலாம் என்று உங்கள் குழுவில் பேச்சு என்கிறாய். கொஞ்சம் பொறுங்கள்.

பாசியின் பச்சையம் புற ஊதாவையோ நீல ஒளியையோ வாங்கி, அதில் சிறு பங்கைச் சிவப்பாகத் திருப்பிவிடும். அந்த ஒளிர்வு 685 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே ஒரு முகடாகவும், 740 பக்கம் இன்னொன்றாகவும் உயரும். கரி அப்படி ஒளிராது. அதுவரை நீங்கள் நினைத்தது சரி. ஆனால் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த சுவரை அல்லவா பொழுது சாய்ந்ததும் படம் எடுத்திருக்கிறாய்! கல்லில் வாழும் நீலப்பசும்பாசி காய்ந்தாலும் லேசில் சாகாது, அடங்கிக் கிடக்கும். அப்போது வாங்கும் ஒளியை வெப்பமாக்கித் தள்ளிவிடுவதால் ஒளிர்வும் மங்கிப்போகும்.

நல்ல இருட்டில், ஓரமாக உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரைத் தெளி. உதிரும் பரப்பிலும் வண்ணம் தீட்டிய இடத்திலும் வேண்டவே வேண்டாம். சில நிமிடம் விட்டு டார்ச் அடி. பாசி உயிரோடு இருந்தால் கல்லின் துகள்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் சிவப்புப் புள்ளிகள் எழும்பும், அப்புறம் அவை சேர்ந்து திட்டாகும். பக்கத்துக் காய்ந்த பகுதி கறுப்பாகவே நிற்கும். இரண்டும் ஒரே படத்தில் விழும்படி எடுத்துக் காட்டு, யாரோடும் வாதாட வேண்டியிருக்காது.

நனைத்தும் சிவக்கவில்லையா? பாசி இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம், உயிரே இல்லை என்று எழுதிவிடாதே. கறுப்புப் பூஞ்சைக்குப் பச்சையம் கிடையாது, நிறம் மெலனின் என்ற கரு நிறமியால் வருவது. அதற்கு ஒட்டுநாடாவில் மாதிரி எடுத்து மைக்ரோஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். எந்த வகைப் பாசி என்பதும் டார்ச்சுக்குப் பிடிபடாது. ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் கிடைத்தால் ஆரஞ்சு ஒளியால் தூண்டிப் பார். 650 பக்கம் ஒரு மேடு வந்தால் நீலப்பசும்பாசி என்று சந்தேகப்படலாம். அந்த மேடு ஃபைகோசயனின் என்ற நீல நிறமியால் வருவது, பச்சைப்பாசியில் அந்த நிறமி இல்லை.

உயரமான கோபுரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். சாரம் கட்டாமலே, பல பத்து மீட்டர் தள்ளி நின்று லேசர் துடிப்புகளை அனுப்பி, திரும்பும் ஒளிர்வைப் புள்ளி புள்ளியாக வரைபடமாக்கும் லைடார் உண்டு. ஸ்வீடனில் லுண்ட் பேராலயத்திலும் இத்தாலியில் பார்மா பேராலயம், ரோமின் கொலோசியம் ஆகியவற்றிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். அருமையான கருவிதான், ஆனால் சிறிய குழுவின் கைக்கு எட்டாது. எட்டியவர்களும் காய்ந்த சுவரில் ஏமாறலாம்.

பாசிக்கொல்லி அடித்த பிறகு இன்னும் எச்சரிக்கை தேவை. செத்த பாசியிலும் பச்சையம் சிதைய நாளாகும், ஆகவே சிவப்பு தெரிந்ததுமே மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி அடித்துவிடாதீர்கள். ஒளிச்சேர்க்கை நடக்கிறதா என்று பார்க்கும் துடிப்பொளி ஃப்ளூரோமீட்டர் இதைப் பிரித்துச் சொல்லும். இரவல் கிடைத்தாலும் வாங்கிக்கொள்.

மூடிய அறைகளில் வேலை முடிந்ததும் சாதாரண விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். பிரான்சில் பழங்கால ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையை 1963இல் பொதுமக்களுக்கு மூடியபோது சுவரில் பச்சைப் படலம் படர்ந்திருந்தது. விளக்கொளியும் கூட்டத்தின் மூச்சுமாகச் சேர்ந்து செய்த வேலை அது.

டார்ச் அடிக்கும்போது புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள். உன் கூட்டாளிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா