எண்ணைப் பார்ப்பதா, எழுத்தைப் பார்ப்பதா?

அன்புள்ள செந்தில்,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியை நீ செய்திருக்க மாட்டாய், தெரியும். கல்யாணத்துக்கு வராததற்கு மாலதி திட்டித் தீர்த்துவிட்டாள்; நீயும் ஆரம்பிக்காதே.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. உதவிப் பேராசிரியர் தேர்வுக் குழுவில் என்னைப் போட்டுவிட்டார்கள். சிரிக்காதே, மெஸ் கமிட்டி கதை இங்கே யாருக்கும் தெரியாது. ஒரே இடம். கடைசியில் நிற்பது ஒரு பையனும் ஒரு பெண்ணும். இருவருக்குமே சாஃப்ட் ரோபாடிக்ஸ்தான். இரும்பு மூட்டு இல்லாமல், சிலிக்கோனில் வார்த்த விரலுக்குள் காற்றடைத்து வளைய வைக்கிற வேலை.

அலுவலகம் ஒரு தாளைக் கொடுத்தது. பையனுக்கு எச்-இன்டெக்ஸ் 19, பெண்ணுக்கு 7. குழுவில் இருக்கும் பெரியவர் ஒருவர் பார்த்த கையோடு, "அப்புறம் என்ன பேச்சு?" என்று ஃபைலை மூடிவிட்டார்.

உனக்காகச் சொல்கிறேன்: எச்-இன்டெக்ஸ் 7 என்றால், ஒவ்வொன்றும் பிற கட்டுரைகளில் குறைந்தது ஏழு முறை மேற்கோள் காட்டப்பட்ட ஏழு கட்டுரைகள் இருக்கின்றன என்று அர்த்தம். 2005இல் ஹிர்ஷ் என்கிற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் இயற்பியல்காரர்களுக்கு 12 இருந்தால் நிரந்தரப் பணி, 18 இருந்தால் முழுப் பேராசிரியர் என்று உத்தேசமாகச் சொன்னார். அதே மனிதர் 2020இல், இந்த அளவுகோல் படுமோசமாகக் காலை வாரவும் கூடும் என்று தாமே எழுதினார். எங்கள் பெரியவருக்கு 12, 18 மட்டும் மனப்பாடம்.

சரி, படித்துத்தான் பார்ப்போமே என்று இரண்டு பேர் கட்டுரைகளையும் எடுத்து உட்கார்ந்தேன். பையனின் எண்ணில் சேரும் பத்தொன்பது கட்டுரைகளில் பெரும்பாலானவை ரிவ்யூக்கள், அதாவது மற்றவர்கள் செய்த ஆராய்ச்சியைத் தொகுத்துச் சொல்பவை. ஒன்றில், எழுதிய ஒன்பது பேரில் அவன் ஐந்தாமவன். ரிவ்யூ எழுதுவது குறைந்த வேலை என்று சொல்லவில்லை. டேனியலா ரஸும் மைக்கேல் டாலியும் 2015இல் நேச்சர் இதழில் எழுதிய ரிவ்யூவைத் தொடாமல் இந்தத் துறைக்குள் யாரும் வருவதில்லை. ஆனால் ரிவ்யூவுக்கு மேற்கோள் சேருகிற விதமே தனி.

அந்தப் பெண் எழுதியிருப்பது கிழிந்த விரல்களைப் பற்றி. சிலிக்கோனின் இரண்டு பாகங்களைக் கலந்து, வெற்றிடத்தில் வைத்துக் குமிழியை எடுத்து, அச்சில் ஊற்ற வேண்டும். ஒரு குமிழி தங்கினாலும் போச்சு, காற்றடைக்கும்போது அந்த இடம்தான் முதலில் உப்பிக் கிழியும். லேடக்ஸ் கையுறை பட்டாலோ, அதிலுள்ள கந்தகம் சிலிக்கோனை இறுக வைக்கும் பிளாட்டினம் வினையூக்கியைக் கெடுத்துவிடும். மறுநாள் வந்து தொட்டாலும் பிசுபிசு என்று கையில் ஒட்டும். எல்லோரும் இப்படிக் கெட்டதைக் குப்பையில் போட்டுவிட்டு, நன்றாக வளைந்ததைப் படம் எடுத்துப் போடுவார்கள். இவள் கிழிந்ததையெல்லாம் சேர்த்து வைத்து, குறுக்கே வெட்டி, எங்கே, எத்தனை அழுத்தத்தில், ஏன் கிழிந்தது என்று வரைபடம் போட்டிருக்கிறாள்.

அந்த வரைபடம் எங்கள் லேப் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, செந்தில்! யாருடையது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. லேப் மாணவர்களிடம், "உங்கள் கட்டுரையில் இதை மேற்கோள் காட்டினீர்களா?" என்று கேட்டேன். "ரிவ்யூவைக் காட்டிட்டோம் சார், அதுக்குள்ள இதுவும் வந்துடுமே" என்கிறான் ஒருவன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. காற்றில் வளையும் ரப்பர் விரலைத் தோஷிபாவில் இருந்த சுசுமோரி 1991இலேயே காட்டிவிட்டார். ஹார்வர்டில் வைட்சைட்ஸ் குழு நாலு கால் சிலிக்கோன் ரோபோ ஒன்றைத் தாழ்வான இடுக்கில் ஊர்ந்து போக வைத்தது 2011இல். கூட்டம் சேர்ந்தது அதற்கு அப்புறம்தான். துறையின் பெயரிலேயே தனி இதழ் வந்தது 2014இல். அந்த அலையில் வந்தவன் பையன். இவள் வந்தது எட்டு வருஷம் பின்னால்; மேற்கோள் சேர இவளுக்குக் கிடைத்த காலமே குறைவு. போதாக்குறைக்கு அவன் எழுதுவது பொருளறிவியல் இதழ்களில், இவள் எழுதுவது ரோபாட்டிக்ஸ் மாநாடுகளில். அங்கே வாசகர் கூட்டமே வேறு. ஒரே உழைப்புக்கு ஒரே எண் எப்படி வரும்?

பையனும் சோடையில்லை, அதுதான் சங்கடம். அவன் எழுதிய கட்டுப்பாட்டு முறை ஒன்று எனக்கே பிடித்திருந்தது. அதற்கு மேற்கோள் நாலு! அவனுக்கும் இந்தத் தாள் நியாயம் செய்யவில்லை பார். என் ஓட்டு அந்தப் பெண்ணுக்குத்தான். ஆனால் மாணவர்கள் வருவார்கள், இயந்திரங்கள் உடையும், எது ஏன் உடைந்தது என்று தெரிந்த ஆள் வேண்டும் என்று நான் பேசினால், அந்தப் பெரியவர் 19, 7 என்று இரண்டு எண்ணைச் சொல்லி முடித்துவிடுவார். எண்ணுக்கு எதிரே நியாயம் பேசுகிறவன் எப்போதும் சாக்குச் சொல்கிறவன் மாதிரியே தெரிகிறான்.

நீ வங்கியில் பதவி உயர்வுக் குழுவில் உட்கார்ந்தவன். மாரிமுத்து விஷயத்தில் அந்த மண்டல மேலாளரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தாய்? கோபப்படாமல் செய்தாய் என்று சொன்னால் நம்ப மாட்டேன். தாளே வேண்டாம், ஆளுக்கு மூன்று கட்டுரை கொடுக்கட்டும், எல்லோரும் படித்துவிட்டு வரலாம் என்று கேட்க நினைக்கிறேன். நடக்குமா?

வியாழக்கிழமை கூட்டம். அதற்குள் போன் பண்ணு. கடிதம் வேண்டாம், உன் கையெழுத்தைப் படிக்க இன்னொரு குழு போட வேண்டியிருக்கும்.

உன்,
ராஜா