பேய்க்கதைக் கையெழுத்துப் பிரதிகளும் வேண்டும்

ஆசிரியருக்கு,

எழுத்தாளர்களின் ஆவணங்களை நூலகங்கள் காக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் கண்டேன். பேய்க்கதை எழுத்தாளர்களையும் அதில் சேர்க்க வேண்டும். பி.டி.சாமியின் நாவல்களைப் பயந்துகொண்டே படித்துத்தான் எங்களில் பலருக்கு வாசிப்பே பழகியது. அச்சான புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது கிடைக்கும். கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்றுதான். பழைய பேப்பர் கடையில் அப்படி ஒரு கட்டு தராசில் ஏறியதைப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ‘இங்கே நாய் ஊளை’ என்று எழுதியிருந்தது. நான் கேட்பதற்குள் சாக்குக்குள் போய்விட்டது.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. அதுபோல மாவட்ட மைய நூலகங்கள் அந்தந்த ஊர் எழுத்தாளர்களின் குடும்பத்தாரை நேரில் கண்டு கேட்கலாம். ஸ்கேன் செய்துகொண்டு மூலத்தைத் திருப்பித் தந்தாலும் சரி.

– வாசகர், காரைக்குடி